என் வண்டியில் கேமரா இல்லை

இப்போது எல்லா வண்டியிலும் முன் கண்ணாடியில் ஒரு கேமரா ஒட்டியிருக்கிறது. நேற்று லைசென்ஸ் வாங்கியவன்கூட மாட்டியிருக்கிறான். என் வண்டியில் இல்லை. மாட்டச் சொல்லி யாரும் என்னிடம் வர வேண்டாம். போன மாதம் ஒருவன் வந்தான். பாதிப் பேச்சிலேயே திரும்பிப் போனான்.

ஏற்காட்டிலேயே முதன்முதலில் வண்டியில் கேமரா மாட்டியவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. மலையில் முதன்முதலில் சிக்குன்குனியா வந்தவன் என்று ஒருவன் இருப்பான் அல்லவா, அந்த மாதிரி ஒரு முதல்.

நான் டாக்ஸி ஓட்டுகிறவன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. எனக்குக் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். அது தப்பு. கோபம் வருவதில்லை, இருக்கிறது. எப்போதாவது கொஞ்சம் வெளியே போய்விட்டு வரும்.

மலை ரோட்டில் இரண்டு வண்டி உரசிக்கொண்டால் யார் மேல் தப்பு என்று கண்டுபிடிக்க எங்கள் ஊரில் ஒரு வழி வைத்திருந்தார்கள். எவன் அதிகமாகச் சத்தம் போடுகிறானோ அவன் மேல்தான் தப்பு. அவ்வளவுதான் விசாரணை. எதிரில் வந்தவன் கையைக் கட்டிக்கொண்டு பாவம்போல் நிற்பான். நான் கத்துவேன். கூட்டம் கூடும். "பாவம்ங்க அவரு, ஒரு வார்த்தை பேசல பாருங்க" என்பார்கள். பம்பர் போனது என் வண்டிக்கு. பாவம் அவன்.

அப்போதுதான் சென்னையிலிருந்து வந்த ஒரு பயணி சொன்னார். வெளிநாட்டில் எல்லாம் வண்டிக்குள் ஒரு சின்ன கேமரா மாட்டுகிறார்களாம். முன்னால் நடப்பதை எல்லாம் அதுபாட்டுக்குப் படம் பிடித்து வைக்குமாம். நான் வாயே திறக்க வேண்டாம். எனக்காக அது பேசும். (பேசியது. அதற்கு வருகிறேன்.)

சேலத்தில் ஒரு கடையில் சொல்லி வைத்து வரவழைத்தேன். சோப்பு டப்பா அளவு இருந்தது. கூடவே ஒரு புத்தகம், முழுக்கச் சீன மொழி. கடைக்காரனுக்கும் அது புரியவில்லை. "கரெண்ட்டு குடுத்தா போதுங்க, அதுவா ஓடும்" என்றான். பின்பக்கம் தீப்பெட்டியைவிடச் சிறிய திரை. கொஞ்ச நேரத்தில் அது தானாக அணைந்துவிடும். அப்புறம் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கும். மினுக்கினால் வேலை செய்கிறது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வண்டி பலமாகக் குலுங்கினால் விபத்து நடந்துவிட்டதாக நினைத்து அந்தப் படத்தை அழியாமல் பூட்டி வைக்கும். எங்கள் ரோட்டைப் பற்றி அதைச் செய்தவனுக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு வேகத்தடையும் அதற்கு ஒரு விபத்து. வெள்ளக்கடை ரோட்டில் ஒருமுறை போய் வந்தால் உள்ளே இருக்கும் மெமரி கார்டு நிறைந்துவிடும். அந்தக் கேமராவைக் கேட்டால், நான் பிழைத்திருப்பதே ஆச்சரியம் என்று சொல்லியிருக்கும்.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் குறுக்கே வந்தாலும், "எல்லாம் ரெக்கார்டு ஆவுது, பாத்துக்க" என்பேன். ஸ்கூட்டர்காரன், காய்கறி வண்டி, போக்குவரத்துப் போலீஸ், எல்லோரிடமும் சொன்னேன். ஒரு எருமையிடமும் சொன்னதாக என் மனைவி செல்வி சொல்கிறாள். எருமைக்காரனிடம்தான் சொன்னேன்.

வீட்டில் அந்தக் கேமராவை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. "இந்த வண்டியிலயே இதுதான் விலையான சாமான்" என்று செல்வியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் டாக்ஸி ஸ்டாண்டுக்குத் தலைவர் பெருமாளண்ணன். ஸ்டாண்டு வண்டிக்கும் ஸ்டாண்டு வண்டிக்கும் தகராறு என்றால் போலீசுக்குப் போகக்கூடாது, அவர் சொல்வதுதான் தீர்ப்பு. என் மேல் அவரிடம் ஏற்கெனவே நிறையப் புகார். அந்த வருஷம் கோடை சீசன் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"மாதையா, இன்னொரு தகராறு உன்னால வந்துச்சுன்னு வெய்யி, உன் வண்டி இந்த ஸ்டாண்டுல நிக்காது. நான் சொல்றது வெளங்குதா?"

விளங்கியது. ஸ்டாண்டை விட்டு வெளியே போன வண்டியை ஏற்காட்டில் கோழி அடைக்கத்தான் வைத்துக்கொள்ளலாம். லாட்ஜ்காரன் கூப்பிட மாட்டான். வண்டிக்கு டியூ பாக்கி. மகள் கவிதா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சில மாதம் ஓட்டினேன். அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

ஸ்டாண்டில் எல்லா வண்டிக்கும் சேர்த்துத்தான் பூஜை. எங்களோடு ஓட்டுகிற ஜோசப் வண்டியிலும் ஜெபமாலைக்குப் பக்கத்தில் மாவிலை தொங்கும். அலங்காரம் அவரவர் வீட்டார் வேலை. செல்வி காலையிலேயே வந்து வண்டியைக் கழுவி, நான்கு சக்கரம், ஸ்டெப்னி, ஸ்டியரிங், கியர் கம்பி, ஜாக்கி, ஸ்பானர் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தாள். பூசணிக்காய் உடைத்தோம். பொரி தின்றோம். வருஷத்தில் அந்த ஒருநாள்தான் ஸ்டாண்டில் நான் யாரோடும் சண்டை போடுவதில்லை.

மறுநாள் லீவு. கூட்டம் அள்ளியது. மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் வீட்டுக்காரம்மாவும் என் வண்டியில் ஏறினார்கள். காப்பிச் செடியில் பழம் இருப்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். வெள்ளக்கடை ரோட்டில் கூட்டிப் போனேன். நல்ல பனி. பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. அந்தப் பனியில் கண்ணால் யாரும் ஓட்ட முடியாது, ஹாரனால்தான் ஓட்ட வேண்டும். வளைவுக்கு வளைவு அடித்துக்கொண்டே போக வேண்டும். மேலே ஏறுகிற வண்டிக்கு, இறங்குகிற வண்டி ஒதுங்கி வழி விட வேண்டும்.

நான் ஏறிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் திரும்பினேன். ஜோசப் வண்டி எதிரில் இருந்தது. டமால்.

என் வண்டியின் வலது பக்கம் முழுக்கக் கோடு விழுந்து நசுங்கியது. அவன் வண்டியின் விளக்கும் கண்ணாடியும் போய்விட்டன. யாருக்கும் அடியில்லை. ஜோசப் இறங்கி வந்தான். அவன் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவனைப் பிடிக்காததற்கு அதுவே போதும்.

"ஹாரன் அடிச்சனே மாதையா. ரெண்டு வாட்டி அடிச்சனே. ஒதுங்கி நின்னுட்டுதான இருந்தேன்" என்றான்.

நான் கத்த ஆரம்பித்தேன். அப்புறம் பாதியில் நிறுத்தினேன். கேமரா. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விபத்து நடந்த இடத்தில் சிரித்தேன். வாத்தியார் வீட்டுக்காரம்மா எனக்குத் தலையில் அடிபட்டுவிட்டதாக நினைத்தார்.

ஸ்டாண்டுக்கு வந்து நேராகப் பெருமாளண்ணன் முன்னால் போய் நின்றேன். கேமராவிலிருந்து கார்டை உருவினேன். "இதுல எல்லாம் இருக்குதுங்க. நான் பார்க்க மாட்டேன். பார்த்தா ஏதோ மாத்திட்டேன்னு சொல்லுவீங்க. நீங்களே வெச்சுக்குங்க. சாயங்காலம் எல்லாருக்கும் முன்னால போட்டுப் பாத்துத் தீர்ப்புச் சொல்லுங்க" என்றேன்.

(முன்கூட்டி ஒருமுறை பார்த்திருந்தால் அந்தக் கார்டை விழுங்கியிருப்பேன். நகத்தளவுதான் இருந்தது.)

அதோடு நிறுத்தினேனா? செல்விக்கு ஆள் அனுப்பினேன். கவிதாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். புருஷன் ஜெயிப்பதை அவளும் ஒரு நாளாவது பார்க்கட்டும் என்று.

ஸ்டாண்டை ஒட்டி மணி டீக்கடை. அங்கே பெரிய டிவி உண்டு. போட்டோ ஸ்டூடியோவில் கார்டைச் செருகுகிற சாமான் ஒன்று வாங்கி வந்து, அதை டிவியின் பின்னால் மாட்டினார்கள். ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லோரும் வந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்களும் வந்தார்கள். மணி, வியாபாரம் ஆகும் என்று கூடுதலாகப் பால் வைத்தான். ரிமோட் கவிதா கையில்.

"அப்பா, இடிச்சதுக்கு முன்னாடியும் ஒண்ணு இருக்குது. அதையும் போடட்டுமா?"

"எல்லாத்தையும் போடு கண்ணு. மறைக்கறதுக்கு எனக்கு என்ன இருக்குது?"

போட்டாள். திரை முழுக்க மஞ்சள். நடுவில் சிவப்பாக ஒரு வட்டம்.

எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"சூரிய உதயமுங்களா?" என்று மணி கேட்டான்.

"பனியில ஏதுடா சூரியன்" என்றார் பெருமாளண்ணன்.

நான் எழுந்து போய் டிவியின் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினேன். வட்டம் அசையவில்லை. செல்வி பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள். "ஏனுங்க, அது நான் வெச்ச பொட்டுங்க."

"எதுக்குடி அதுக்குப் போயி வெச்ச?"

"நீங்கதானுங்க அதுதான் வண்டியிலயே விலையான சாமான்னு சொன்னீங்க. ஜாக்கிக்கு வெச்சுட்டு அதுக்கு வெக்காம இருந்தா நல்லா இருக்குமுங்களா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. கண்ணாடிக்கும் கேமராவுக்கும் நடுவில் கையை விட்டு, முகம் எந்தப் பக்கம் என்று பார்த்து, லென்ஸுக்கு நேராகச் சந்தனம் பூசி, அதற்கு நடுவில் குங்குமம் வைத்திருக்கிறாள். கேமராவுக்குப் பின்பக்கம் உட்கார்ந்து ஓட்டிய எனக்கு அது தெரியவில்லை. சிவப்பு விளக்கு மினுக்கியது. நான் நம்பினேன்.

சரி, படம் போச்சு, கிளம்பலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் டிவியிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

அந்தக் கேமராவுக்குக் காது உண்டு என்று எனக்குத் தெரியாது. சீன மொழியில் எழுதியிருந்திருக்கலாம்.

முதலில் வாத்தியார் பேசினார். "ஸ்டாண்டுல இம்புட்டு வண்டி நிக்கிதே தம்பி, எல்லாரும் நல்லா ஓட்டுவாகளா?"

அடுத்து நான். அவ்வளவு மரியாதையான, இனிமையான குரலை என் வீட்டார் கேட்டதே இல்லை. "நல்லவேளைங்க சார், என்கிட்ட வந்தீங்க. மொதல்ல நின்னானே பச்சை சட்டை, அவன் வண்டிக்குப் பிரேக்கு ஞாயித்துக்கெழமை மட்டுந்தானுங்க புடிக்கும். அவனுக்குப் பின்னால நின்னவன் தைலம் வாங்கித் தரேம்பான். மூடியில மட்டுந்தான் தைலம், உள்ளார பச்சத் தண்ணி."

பச்சை சட்டைக்காரன் அதே பச்சை சட்டையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

நான் ரிமோட்டைப் பிடுங்கப் பாய்ந்தேன். பெருமாளண்ணன் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "உக்காரு. மறைக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு நீதான கேட்ட?"

"அங்கிட்டு சேர் போட்டு ஒருத்தர் உக்காந்திருந்தாரே?" இது வாத்தியார்.

"தலைவருங்க. கொண்டை ஊசி வளைவுல ஒரே திருப்புல வண்டி திருப்பத் தெரியாதுங்க. ரோட்டுல இருந்தா ஆபத்துன்னு தலைவராக்கி ஒக்கார வெச்சுட்டோம்."

தோளில் இருந்த கை இறுகியது.

"டீ மட்டும் நல்லா இருந்துச்சுங்க தம்பி" என்றார் அந்த அம்மா, யாரையாவது காப்பாற்ற நினைத்தவர்போல.

"மொதல் டீ நல்லா இருக்குமுங்கம்மா. ரெண்டாவது குடிச்சராதீங்க. அது நேத்துத் தூளு."

மணி பாலை ஆற்றுவதை நிறுத்தினான். கடையில் எட்டுத் திசையிலிருந்தும் என்னைப் பார்த்தார்கள். திரையில் அந்தச் சிவப்பு வட்டம் மட்டும் அசையாமல் நின்றது. செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"அப்ப நல்லா ஓட்டுற ஆளே இந்த ஊர்ல கெடையாதா தம்பி?"

டிவியில் கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும். அப்புறம் நான், மனசில்லாமல், சொன்னேன். "ஒருத்தன் இருக்கானுங்கம்மா. ஜோசப்புன்னு. சொம்புத் தண்ணிய மடியில வெச்சுக்கிட்டு அவன் வண்டியில சேலம் வரைக்கும் எறங்கலாம். ஒரு சொட்டுத் தளும்பாது. அவன மாதிரி ஓட்ட இந்த மலையில ஆளில்லீங்க. ஆனா அவன்கிட்டச் சொல்லிராதீங்க. தலைக்கேறிரும்."

தூரத்தில் ஒரு ஹாரன்.

"ஹாரன் கேக்குதே தம்பி."

"மெயின் ரோட்டுல பஸ்சு போகுதுங்கம்மா."

இன்னொரு ஹாரன், நன்றாக, நீளமாக.

"கிட்டக்க கேக்குதே?"

"மலையில அப்படித்தானுங்க கேக்கும். எதிரொலி."

டமால்.

அதற்குப் பிறகு டிவியில் வந்ததை எழுத முடியாது. ஜோசப்புக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதுதான் அதன் சாரம். அவனைவிட நன்றாக ஓட்ட ஆளில்லை என்று சொல்லி முடித்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. என் ஹாரன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவன் எப்படி அடிப்பான்?

டிவி ஓய்ந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நான்தான் பேசவில்லை. அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு பாவம்போல் நின்றவன் நான். அதைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்லவில்லை.

"இவன் வண்டி இனி இங்க நிக்கப்படாதுங்க தலைவரே" என்றான் பச்சை சட்டை. "ஊரான்கிட்ட நம்மளப் பத்திப் பொய்யி பேசிருக்கான். அத்தனையும் பொய்யி!"

"பொய்யிதான். அத்தனையும்" என்றான் மணி.

பெருமாளண்ணன் எழுந்து நின்றார். "அப்ப முடிவா சொல்லிர்றேன். ஸ்டாண்டு ஆளுகளப் பத்தி அபாண்டமாப் பொய்யி சொன்னதுக்காக, மாதையன் வண்டிய…"

செல்வி சிரிப்பை நிறுத்தியிருந்தாள். கவிதா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்க தலைவரே" என்றான் ஜோசப். மூலையில் உட்கார்ந்திருந்தவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு டிவிக்குக் கிட்டே வந்தான். "கண்ணு, கொஞ்சம் பின்னாடி போ சாமி. அந்தச் சொம்பு."

கவிதா பின்னால் போனாள். சொம்பு வந்தது. தளும்பவில்லை.

"இன்னொரு வாட்டி."

போட்டாள். ஜோசப் முகத்தில் ஞானஸ்நானம் வாங்கிய புதுசுபோல் ஒரு வெளிச்சம்.

"ஏனுங்க தலைவரே," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதெல்லாம் பொய்யிங்கறீங்களா?"

"பின்ன? எனக்கு வளைவுல திருப்பத் தெரியாதாமா?"

"அப்ப நான் ஓட்டறதும் பொய்யிங்களா?"

பெருமாளண்ணன் மணியைப் பார்த்தார். மணி பாலைப் பார்த்தான்.

"எனக்கு வயசு நாப்பத்தஞ்சுங்க" என்றான் ஜோசப். "இத்தன வருசத்துல என்ற பொண்டாட்டி சொன்னதில்ல, நீங்க சொன்னதில்ல. இவன் சொல்லிருக்கான். எனக்கு ஆகாதவன், நான் இல்லாத எடத்துல சொன்னது, அம்பது பேருக்கு முன்னால வந்திருக்குது. அதப் பொய்யின்னு எழுதி இவன வெளிய அனுப்ப நான் ஒத்துக்க மாட்டனுங்க. இடிச்சதுக்குத் தண்டன குடுங்க. சொன்னதுக்குக் குடுக்காதீங்க."

"அப்படின்னா நம்மளச் சொன்னதெல்லாம் நெசமாயிருமேடா!" என்று பச்சை சட்டை கத்தினான்.

"அது உங்க பிரேக்கப் பொறுத்ததுங்க" என்றான் ஜோசப்.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் கைதட்டினார்கள். அதில் ஒருவர் மணியிடம் இரண்டாவது டீ வேண்டாம் என்றார்.

பெருமாளண்ணன் நிறைய நேரம் யோசித்தார். பொய் என்றால் ஜோசப் விடமாட்டான். நிஜம் என்றால் தலைவர் பதவி என்னாவது? கடைசியில், ஹாரன் அடிக்காமல் வளைவில் திரும்பியதற்காக ஜோசப் வண்டியை நான் சரிசெய்து தர வேண்டும், பொங்கல் வரைக்கும் என் வண்டி வரிசையில் கடைசி என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்க, அவர் வண்டியை எடுத்து ஸ்டாண்டு வாசலிலேயே ஒரே திருப்பில் திருப்பிக் காட்டப் போனார். அது மூன்று திருப்பில் முடிந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வண்டி நிற்க இடம் வேண்டுமே.

கேமராவை அன்றைக்கே கழற்றினேன். அந்தப் பதிவு மட்டும் போகவில்லை. ஜோசப் அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டான். பயணி ஏறியதும், "எனக்கு ஆகாத ஆளு சொன்னதுங்க, கேளுங்க" என்று போட்டுக் காட்டிவிட்டுத்தான் வண்டியையே எடுப்பான். இப்போதும் போடுகிறான். அவன் போன் எத்தனையோ மாறிவிட்டது. என் குரல் மாறவில்லை.

கவிதாவுக்குக் கல்யாணம் சேலத்தில், ஒரு மண்டபத்தில். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெண்ணைக் கீழே கூட்டிப் போக வேண்டும். வண்டியை நானே கழுவி, பூ கட்டி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். கவிதா பட்டுப்புடவையோடு வெளியே வந்தாள். பின்னாலேயே ஜோசப் வண்டி வந்து நின்றது.

"யாருடி இவன வரச் சொன்னது?" என்றேன் செல்வியிடம்.

"நாந்தானுங்க. புள்ளைக்கு இப்பத்தான் தலை பின்னி, மேக்கப்பெல்லாம் போட்டு வந்திருக்கறோம். ஒரு சொட்டுத் தளும்பாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

கவிதா ஏறினாள். செல்வி ஏறினாள். சொந்தமாக டாக்ஸி வைத்திருக்கிறவன், பூ கட்டிய வண்டியை வாசலிலேயே பூட்டிவிட்டு, ஜோசப் வண்டியில் பின்சீட்டு ஓரத்தில் சாமான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது வளைவும் இறங்கினோம். கூடையில் மேலாக வைத்திருந்த எலுமிச்சம்பழம் அசையவில்லை. மண்டப வாசலில் இறங்கியதும் ஜோசப் கையை நீட்டினான். பெண்ணுக்கு ஏதோ மொய் தரப்போகிறான் என்று நினைத்தேன்.

"ஸ்டாண்டு ரேட்டுங்க" என்றான்.

கொடுத்தேன். கத்தவில்லை.